தகுதி பெற்றவர் மட்டும் திறக்கவும்

நெடுந்தீவு ஆஸ்பத்திரியில் நான் மருந்தாளராக இருந்த காலத்தில், என் கையெழுத்தை நம்பி ஒரு மனிதர் தன்னுடைய இருமல் மருந்துப் பாணியைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்திருந்தார்.

அந்தப் போத்தலில் இரண்டு விஷயம் எழுதியிருந்தேன். குளிரான இடத்தில் வைக்கவும். சிறுபிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். எல்லாப் போத்தலிலும் எழுதுவதுதான், ஒருவரும் வாசிப்பதில்லை. அவருடைய வளவில்தான் நான் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தேன். ஒருநாள் காலை குளிக்கப் போய்க் கயிற்றை இழுத்தால், வாளிக்குப் பதிலாக சீலைத்துண்டில் சுற்றிய போத்தல் ஒன்று ஆடி ஆடி மேலே வந்தது.

"அதை இறக்கிவிடும் தம்பி," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "மத்தியானம்தான் அடுத்த நேர மருந்து."

"ஏன் ஐயா கிணத்துக்கை?"

"நீர்தானே எழுதினீர். குளிரான இடம். பிள்ளையளுக்கு எட்டாத இடம். இந்த வளவுக்கை ரண்டுக்கும் பொருந்திற இடம் இது ஒண்டுதான்."

"உங்கடை வீட்டிலை சின்னப்பிள்ளையளே இல்லையே ஐயா."

"இல்லாத பிள்ளைக்கு நீர் ஏன் எழுதினீர்?"

நான் போத்தலை மெதுவாக இறக்கிவிட்டேன்.

அவருக்கு அப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். மெலிந்த, உயரமான மனிதர். கழுத்தில் நூலில் கட்டிய கண்ணாடி எப்போதும் தொங்கும். எங்கே எழுத்தைக் கண்டாலும் கால் நின்றுவிடும். கண்ணாடியைத் தூக்கி மாட்டி, உதடு அசைய வாசித்து, கடைசியில் ஒருமுறை தலையை ஆட்டுவார். எழுத்து என்ன சொன்னதோ அதை ஏற்றுக்கொண்டாயிற்று என்று பொருள். பிறகு அதை மீறவே மாட்டார். ஊரில் அவருக்குப் 'பலகையர்' என்று பட்டம். நேரே ஒருவரும் சொல்வதில்லை. சொன்னாலும் கோபித்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

பட்டம் வந்த கதையை அவருடைய மனைவிதான் எனக்குச் சொன்னார். கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் சனம் உட்காருவதற்கு ஒரு மர வாங்கு உண்டு. அதற்கு வர்ணம் அடித்தபோது 'ஈரம், இருக்கவேண்டாம்' என்று ஒரு பலகையைப் பக்கத்தில் நட்டிருக்கிறார்கள். வர்ணம் காய்ந்தது. பலகையை எடுக்க ஒருவருக்கும் நினைவில்லை. ஊர்ச் சனமெல்லாம் அந்த வாங்கில் இருந்து கதை பேச, இவர் மட்டும் பக்கத்தில் நின்றுகொண்டே கதைத்திருக்கிறார். மாரிமழை வந்து போய், எழுத்து முழுக்க அழிந்து, வெறும் பலகை மிஞ்சிய பிறகுதான் போய் இருந்தாராம்.

"அண்டைக்கு வீட்டை வந்து, நல்ல வாங்கு எண்டு சொன்னவர்," என்றார் அந்த அம்மா.

அவரைப் பயந்த மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. வாயால் சொல்கிற கட்டளை எதுவும் அவரிடம் செல்லாது. துறைமுகத்தில் ஒருநாள் ஓர் அதிகாரி, வரிசையைப் பின்னுக்குத் தள்ளு என்று கத்தியபோது எல்லோரும் நகர, இவர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். "நீங்கள் சொல்லுறியள். சொல்லுறது காத்தோடை போயிடும். எழுதி வையுங்கோ, நான் பின்னுக்கு நிக்கிறன்." அதிகாரி இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கத்துவதற்கு வேறு ஆளைத் தேடிப் போனார்.

அந்த வீட்டில் ஒரு தொலைக்காட்சியும், அதற்குக் கீழே ஒரு பழைய ரிசீவரும் இருந்தன. கூரைக்குப் பக்கத்தில் டிஷ். அதைப் பொருத்திவிட்டுப் போனவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். ரிசீவருக்கு ஒரு வியாதி. மின்சாரம் போய் வந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். சனல்கள் ஒன்றும் இருக்காது. திகதி இரண்டாயிரமாம் ஆண்டு ஜனவரி முதலாம் நாளுக்குப் போய்விடும். தீவில் மின்சாரம் அடிக்கடி போகும். அதனால் அந்த வீட்டில் வாரத்துக்கு நாலைந்து தரம் புதுவருசம் பிறந்துகொண்டிருந்தது.

பிறகு சனல்களை மறுபடி தேடவேண்டும். தேடும்போது திரையில், காத்திருக்கவும் என்று ஆங்கிலத்தில் வரும். அந்தச் சொற்கள் அவருக்குத் தெரியும். உடனே கதிரையில் நிமிர்ந்து இருந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக் காத்திருப்பார். ஒரு மணித்தியாலமானாலும் எழும்ப மாட்டார்.

"இஞ்சாருங்கோ, மாடு கத்துது. தண்ணி வைக்கேல்லையோ?"

"காத்திருக்கச் சொல்லிக் கிடக்கு."

"அது பெட்டிக்குச் சொல்லுது. உங்களுக்கில்லை."

"பெட்டி தனக்குத்தானே ஏன் சொல்லப்போகுது?"

மாட்டுக்கு நான் போய்த் தண்ணீர் வைத்திருக்கிறேன்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஒருநாள் அம்மா கைத்தொலைபேசியோடு மதிலடியிலிருந்து ஓடிவந்தார். அந்த மதிலடியில்தான் சிக்னல் கிடைக்கும். பிரான்சில் இருக்கும் மகன் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியின் சமையல் போட்டியில் சேர்ந்திருக்கிறானாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காட்டுகிறார்களாம்.

ஒரே மகன். போர்க்காலத்தில் தீவைவிட்டு வெளியேற அனுமதிப் பத்திரம் வேண்டும். அவன் அதற்குக் காத்திராமல், மீன்பிடி வள்ளத்தில் ஏறிப் போய்விட்டான். அன்றிலிருந்து தகப்பன் அவனோடு கதைப்பதில்லை. தாய் மதிலடியில் நின்று கதைக்கும்போது, இவர் அதே மதிலுக்கு மற்றப் பக்கத்தில் மாட்டை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக நிற்பார். அவிழ்த்த மாட்டையே திரும்பக் கட்டுவதைக் கண்டிருக்கிறேன்.

"சோறு அவிக்கத் தெரியாதவன் என்னத்தைச் சமைக்கப்போறான்?" என்று மட்டும் அன்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அண்டைக்குக் கறண்ட் போனால் என்ன செய்யிறது?" என்றும் கேட்டார்.

அதுதான் பிரச்சினை. நிகழ்ச்சிக்கு நடுவில் மின்சாரம் போய் வந்தால், ரிசீவர் சனல்களைத் தேடி முடிக்கும்போது மகனும் போயிருப்பான், கறியும் போயிருக்கும்.

தீவில் வானொலி, தண்ணீர்ப் பம்பி எல்லாம் திருத்துகிற ஒருவர் இருந்தார். அவரைக் கூட்டிவந்தேன். ரிசீவரைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"உள்ளுக்கை ஒரு பொத்தான் அளவிலை பற்றரி இருக்கு ஐயா. கறண்ட் இல்லாத நேரம் அதுதான் எல்லாத்தையும் ஞாபகம் வைச்சிருக்கிறது. அது செத்துப்போச்சு. மூடியைக் கழட்டி மாத்தினால் சரி." திருகாணி முறுக்கியை எடுத்தார்.

ஐயா ரிசீவரைப் பிடுங்கிக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த தாளை என்னிடம் நீட்டினார். "தம்பி, இதை வாசியும்."

ஆங்கிலத்தில் இருந்தது. பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூடியைத் திறக்காதீர்கள். திருத்தவேலையைத் தகுதி பெற்றவரிடம் ஒப்படையுங்கள்."

ஐயா திருத்துகிறவர் பக்கம் திரும்பினார். "உம்மட்டைப் பத்திரம் இருக்கோ?"

"என்ன பத்திரம்?"

"தகுதிப் பத்திரம்."

"என்னட்டைக் கலியாணப் பத்திரம்தான் இருக்கு."

"அதிலை ரிசீவரைப் பற்றி ஏதும் எழுதியிருக்கோ?"

"மனுசியைப் பற்றியே ஒழுங்காய் எழுதேல்லை!" என்று முறுக்கியைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார்.

ஆகவே சனிக்கிழமை காலை ரிசீவரை உரப்பையில் சுற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் புறப்பட்டோம். "நீரும் கூடப் போம் தம்பி," என்று அம்மா என்னைக் கெஞ்சியிருந்தார். "இவரைத் தனிய விட்டால் வழியிலை இருக்கிற பலகையெல்லாம் வாசிச்சு முடிச்சு அடுத்த கிழமைதான் திரும்பி வருவார்."

படகில் ஏறியதும் அவர் கண்ணாடியை மாட்டினார். 'பயணிகள் பாதுகாப்பு அங்கி அணியவேண்டும்' என்று எழுதியிருந்தது. தலையை ஆட்டிவிட்டு, செம்மஞ்சள் அங்கி ஒன்றை எடுத்து எல்லாப் பட்டியையும் இறுக்கி அணிந்துகொண்டார். மறுகரையில் குறிகட்டுவான் துறையில் இறங்கியபோது படகுக்காரர் கையை நீட்டினார்.

"ஐயா, அங்கியைக் கழட்டித் தாங்கோ."

"பயணிகள் அணியவேணும் எண்டு போட்டிருக்கு."

"ஓம், படகிலை."

"படகிலை எண்டு போடேல்லை. நான் இன்னும் பயணிதான். திரும்பி வீட்டை போய்ச் சேர்ந்தால்தானே பயணம் முடியும்."

படகுக்காரர் பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பின்னேரம் இதிலைதானே வருவியள்," என்று விட்டுவிட்டார்.

அங்கியோடு பஸ்ஸில் ஏறினார். முன் ஆசனம் வெறுமையாக இருந்தது. 'மதகுருமாருக்கு' என்று எழுதியிருந்ததால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். மதகுரு ஒருவரும் ஏறவில்லை. பஸ் மண்டைதீவுச் சந்தியைக் கடக்கும்போது குனிந்து வெளியே காட்டினார்.

"இடம்பெயர்ந்து வந்து இஞ்சை உள்ளுக்கை இருந்தனாங்கள். மனுசியின்ரை தமக்கை வீட்டிலை. என்ரை மாடொண்டு கட்டறுத்துக்கொண்டு ஓடிச்சுது. நல்ல பால் மாடு. நான் பின்னாலை போனன். வெட்டை வெளியிலை ஒரு சிவப்புப் பலகை நட்டுக் கிடந்தது. மிதிவெடி எண்டு எழுதி, மண்டையோட்டுப் படமும் போட்டிருந்தது. நான் வாசிச்சன், நிண்டன். மாடு நிக்கேல்லை."

"பிறகு?"

"பிறகென்ன தம்பி. அதுக்கு வாசிக்கத் தெரியாது."

எனக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது. அவர் சிரிக்கவில்லை. தளர்ந்திருந்த பட்டி ஒன்றை இழுத்து இறுக்கிக்கொண்டு பண்ணைப் பாலத்துக் கடலைப் பார்த்தபடி வந்தார்.

யாழ்ப்பாணக் கடைத்தெருவில் செம்மஞ்சள் அங்கியோடு, கக்கத்தில் பொதியோடு அவர் நடக்கச் சனம் விலகி வழிவிட்டது. ஒரு பெண் ஓடிவந்து மறித்தாள். "ஐயா, சுனாமி ஏதும் வருகுதோ?"

"எனக்கு எழுத்திலை ஒண்டும் வரேல்லை பிள்ளை," என்றார்.

அந்தப் பதில் அவளுக்கு ஆறுதல் தரவில்லை. தொலைபேசியை எடுத்து யாரையோ வீட்டுக்கு வரச் சொல்லிக்கொண்டே போனாள்.

முதல் கடையில் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்திரம் ஒன்று தொங்கியது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் கிட்டப் போய் வாசித்துவிட்டுத் திரும்பி வந்தார். "இது குளிர்சாதனப் பெட்டிக்கு எடுத்தது. வாரும் போவம்." கடைக்காரர், இரண்டுக்கும் ஒரே கறண்ட்தான் என்று வாசல்வரை வந்து சொல்லிப் பார்த்தார். வாயால்தான் சொன்னார்.

அடுத்த கடை திறந்திருந்தது. உள்ளே ஆட்கள் நின்றார்கள். ஆனால் கதவில் 'மூடப்பட்டுள்ளது' என்ற அட்டை திருப்பாமல் தொங்கியது. அவர் படியில் நின்றுவிட்டார். நான் உள்ளே போய் வேலை செய்துகொண்டிருந்த பெண்ணிடம் நிலைமையை விளக்கினேன். அவளுக்கு முப்பது வயதிருக்கும். அவள் வெளியே எட்டிப் பார்த்தாள், அங்கியைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் அட்டையைத் திருப்பிவிட்டாள்.

"வாங்கோ ஐயா. இப்ப திறந்திட்டம்."

அவளிடம் பத்திரம் இருந்தது. தொழில்நுட்பக் கல்லூரியில் தொலைக்காட்சி, வானொலி திருத்தப் படித்த பத்திரம். மேசை லாச்சிக்குள் வடைத்தாளுக்குக் கீழே கிடந்ததைத் தூசு தட்டிக் கொடுத்தாள். அவர் முத்திரைவரை வாசித்துத் தலையை ஆட்டினார். அவள் மூடியின் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கியதும், சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏன் ஐயா, பாக்கேல்லையோ?"

"உமக்குத் தகுதி இருக்குப் பிள்ளை. எனக்கில்லை."

பற்றரி இரண்டு காலோடு உள்ளிருந்த மின்சுற்றுப் பலகையில் ஈயத்தால் ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. சூட்டுக்கோலால் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சிறிய கூடு ஒன்றைப் பொருத்திப் புதுப் பற்றரியை அழுத்தினாள். மூடியைப் பூட்டி, கடைத் தொலைக்காட்சியோடு இணைத்து, திகதி வைத்து, மின் ஆளியை அணைத்துத் திரும்பப் போட்டாள். திகதி அப்படியே நின்றது. சுவரைப் பார்த்தபடியே அவர், "இப்ப எத்தினையாம் ஆண்டு?" என்று கேட்டார்.

"இந்த ஆண்டுதான் ஐயா."

திரும்பினார். பார்த்தார். முகத்தில் பெரிய சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஒரு நோயாளியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிப் போகிறவரைப்போல ரிசீவரை உரப்பையில் சுற்றிக்கொண்டார். அன்று பின்னேரம் தன் வீட்டுப் படலையைத் தாண்டிய பிறகே அங்கியைக் கழற்றினார். பிறகு அதை மடித்துத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

ஞாயிறு பின்னேரம் வீடு நிறையச் சனம். கோபித்துக்கொண்டு போன திருத்துகிறவரும் வந்திருந்தார், அந்த வேலை எங்கேயாவது பிழையாகிறதா என்று பார்க்க. ஐயா வெள்ளை வேட்டியும் தோய்த்த சேட்டுமாக நடுக் கதிரையில் இருந்தார். நிகழ்ச்சி தொடங்கி முதல் விளம்பரம் போகும்போது மின்விசிறி நின்றது. எல்லோரும் மின்விசிறியையே பார்த்தோம். அம்மா மட்டும் தன் கடவுள்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டார்.

மின்சாரம் வந்தது. ரிசீவர் கொஞ்சம் யோசித்தது. பிறகு அதே சனல், அதே விளம்பரம்.

"நான் சொன்ன பற்றரிதான்," என்றார் திருத்துகிறவர்.

மகன் திரையில் வந்தான். அம்மா தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய்விட்டார். "மெலிஞ்சு போனான். தலைமயிரும் கொட்டிப் போச்சு." நல்ல உடம்போடுதான் இருந்தான். மயிர் கொட்டியது உண்மை. போட்டியாளர் எல்லோருக்கும் நண்டுக் கறிச் செய்முறை எழுதிய தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் எழுதியபடியே சமைக்கவேண்டும் என்று அறிவிப்பாளர் சொன்னார். மற்றவர்கள் வாசித்தார்கள். மகன் மேசையில் கையை ஊன்றினான். மேசை ஆடியது. தாளை நாலாய் மடித்து, குனிந்து, மேசைக் காலுக்குக் கீழே செருகிவிட்டு நண்டை உடைக்கத் தொடங்கினான்.

நாங்கள் எல்லோரும் ஐயாவைப் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"அவன் வாசிக்கேல்லை," என்றார் மிக மெதுவாக.

கறி கொதித்தது. நடுவர்கள் வந்து சுவைத்தார்கள். மற்றவர்களுடையதில் ஒரு கரண்டி எடுத்துவிட்டு நகர்ந்தவர்கள், இவனுடைய கறிக் கோப்பையடியில் நின்றுவிட்டார்கள். ஒருவர் நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சினார். இன்னொருவர் பாண் கேட்டு வாங்கித் தொட்டுச் சாப்பிட்டார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, செய்முறைத் தாளைப் பின்பற்றாதபடியால் இந்தப் போட்டியாளர் விலக்கப்படுகிறார் என்று அறிவித்தார்கள்.

ஐயா எழும்பி நின்றுவிட்டார்.

"சாப்பிட்டு முடிச்சிட்டினம்!" திரையைக் கையால் காட்டினார். "தம்பி, கோப்பையைப் பாரும்! வழிச்சுத் துடைச்சுப்போட்டு விலக்கினம்! எழுதினது ஒரு பக்கம் கிடக்கட்டும், கோப்பையைப் பாருங்கோவன் ஒருக்கால்!"

'எழுதினது கிடக்கட்டும்' என்று அவர் வாயிலிருந்து வந்ததை நம்ப முடியாமல் திருத்துகிறவர் கதிரையைவிட்டு எழும்பி வாசலில் போய் நின்றுகொண்டார்.

அம்மா கைத்தொலைபேசியை எடுத்து, மதிலடிக்குப் போய் இலக்கத்தை அழுத்தி, பின்னாலேயே வந்து நின்ற கணவனின் கையில் வைத்துவிட்டு விலகிப் போனார். இவர் அதைக் காதில் வைத்துப் பிடித்தார். மறுமுனையில் மகன் "அம்மா, அம்மா" என்று கூப்பிடுவது எனக்கும் கேட்டது.

"அந்த மேசை ஆடினதோ?" என்று கேட்டார்.

மறுமுனையில் அம்மாவைக் கூப்பிடுவது நின்றது. பிறகு, "ஓமப்பா. சரியா ஆடினது."

"ம். அப்ப என்ன செய்யிறது."

அதற்குப் பிறகு இருவரும் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அறைக்குப் போய்விட்டேன். இருட்டும்வரை மாடு கத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை அவர் கடற்கரைக்குப் போய் நண்டு வாங்கிவந்தார். மனைவியைக் குசினிப் பக்கமே வரவிடவில்லை. மகன் தொலைபேசியில் சொன்ன முறையாம். எத்தனை மிளகாய், எவ்வளவு புளி என்று இவர் கேட்டதற்கெல்லாம், கைக்கு வந்தபடி போடுங்கோ அப்பா என்று மட்டும் சொல்லியிருக்கிறான். மத்தியானம் என்னையும் கூப்பிட்டு இருத்தி, தன் கையாலேயே பரிமாறிவிட்டு எதிரே நின்றார்.

"எப்பிடித் தம்பி?"

நான் ஒரு வாய் வைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. "நல்லாயிருக்கு ஐயா," என்றேன்.

அம்மா ஒரு காலை உறிஞ்சிவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கடலுக்கை கிடக்கேக்கை கூட இந்த நண்டு இவ்வளவு உப்பைக் கண்டிராது."

"ஓம், கொஞ்சம் கூடிப்போச்சு," என்று ஒத்துக்கொண்டு, அவர் எங்கள் இருவருக்கும் இன்னும் ஒவ்வொரு அகப்பை போட்டார்.